எந்தக் கருவிக்கு எந்த செல்?

செல் வாங்கக் கடைக்குப் போகும் முன் இரண்டு விஷயங்களை யோசித்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது? போட்ட செல் அதற்குள் எத்தனை மாதம் கிடக்கப்போகிறது? விலை, பிராண்டு, அட்டையில் அச்சடித்திருக்கும் பெருமைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைக் கணக்கு வைக்கிறது. அதை அதிர வைக்கவும் முள்ளைத் தள்ளவும் ஆகும் மின்சாரம் மிகமிகக் குறைவு. ஒரே ஒரு செல்லில் ஓராண்டுகூட ஓடும். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இதற்கு நேர் எதிர். கையில் சுற்றும் பட்டைக்குள் காற்று ஏற்ற ஒரு சின்ன மோட்டார் ஓட வேண்டும். அரை நிமிட வேலைதான், ஆனால் அந்த அரை நிமிடத்தில் மோட்டார் கேட்பதை செல் உடனே கொடுத்தாக வேண்டும். கடிகாரத்தில் மாதக்கணக்கில் உழைக்கக்கூடிய மலிவான செல், இந்த மோட்டாரிடம் சில நாட்களிலேயே திணறிவிடும். பட்டை பாதி ஏறி நிற்கும், திரையில் செல் சின்னம் மின்னும். வீட்டில் பெரியவர்கள் மிஷினே கெட்டுப்போய்விட்டது என்று கவலைப்படுவார்கள். கருவியில் ஒரு குறையும் இருக்காது, செல்லைத்தான் தவறாகத் தேர்ந்தெடுத்திருப்போம்.

கடையில் கிடைப்பவை

மளிகைக் கடையில் சரமாகத் தொங்கும் மலிவான செல்கள் பெரும்பாலும் துத்தநாக–கார்பன் வகை. 1880-களில் ஜெர்மனியில் கார்ல் காஸ்னர் உருவாக்கிய உலர் மின்கலத்தின் வழியில் வந்தவை. இதில் வெளிக் குவளையே துத்தநாகம், அதுதான் எதிர்முனையும்கூட. செல் வேலை செய்யச் செய்ய அந்தக் குவளை கரைந்து மெலிகிறது. மின்சாரம் தருவதும் அதுதான், உள்ளே இருக்கும் ரசாயனம் வெளியே வராமல் தாங்குவதும் அதுதான். தீர்ந்துபோன கார்பன் செல் ஏன் ஒழுகுகிறது என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது.

அல்கலைன் செல்லை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் கனடாவில் பிறந்த லூயிஸ் அர்ரி. 1950-களில் அமெரிக்காவில் அவர் செய்த வேலை அது. துத்தநாகத்தைக் குவளையாக வைக்காமல் பொடியாக்கி நடுவில் வைத்தார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக் கரைசலைப் பயன்படுத்தினார். பொடியில் பரப்பு அதிகம், அதனால் நிறைய மின்சாரத்தை ஒரே நேரத்தில் கொடுக்க முடிகிறது. டபுள் ஏ அளவு அல்கலைன் செல் மெதுவாகப் பயன்படுத்தினால் 2,000 எம்.ஏ.எச். அளவுக்கு மேல் தரும். அதே அளவு கார்பன் செல் அதில் பாதியைத் தந்தாலே அதிகம். மோட்டாரும் பளிச்சென்ற விளக்கும் உள்ள கருவிகளில் இந்த வித்தியாசம் இன்னும் பல மடங்காகிவிடும்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க, செல்லின் மேலுறையில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். ஆர் 6 என்றோ ஆர் 03 என்றோ தொடங்கினால் கார்பன். அதற்கு முன்னால் எல் சேர்ந்து எல்.ஆர். 6, எல்.ஆர். 03 என்றிருந்தால் அல்கலைன். இதில் 6 என்பது டபுள் ஏ, 03 என்பது ட்ரிபிள் ஏ, 20 என்பது பழைய டார்ச்சில் போடும் பெரிய பேட்டரிக் கட்டை. ‘ஹெவி டியூட்டி’ என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து அல்கலைன் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அந்த வாசகம் பெரும்பாலும் கார்பன் வகை செல்லில்தான் இருக்கும்.

சுவர்க் கடிகாரம், டி.வி. ரிமோட் இரண்டுக்கும் நல்ல கார்பன் செல் போதும். ரத்த அழுத்தக் கருவி, கம்பியில்லா மவுஸ், ஓடும் பொம்மை, எல்.இ.டி. டார்ச் ஆகியவற்றுக்கு அல்கலைன் வாங்குங்கள். காஸ் கீசருக்கும் அதுவே நல்லது. குளியலறையின் சூடும் ஈரமும் சேர்ந்து கீசர் செல்களைச் சீக்கிரம் கெடுத்துவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். குழாயைத் திறந்ததும் டிக் டிக் என்று கேட்கும் பொறி பலவீனமாகிவிட்டால், திரும்பத் திரும்பத் திறந்து மூடிப் பற்றவைக்க முயலாதீர்கள். தண்ணீரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் வரவிட்டு, செல்களை மாற்றிய பிறகு பற்றவையுங்கள்.

டபுள் ஏ அளவிலேயே லித்தியம் செல் ஒன்றும் உண்டு. விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆனால் இருபது ஆண்டு வரை பெட்டியில் கிடந்தாலும் வேலை செய்யும் என்று தயாரிப்பாளர்கள் உறுதி சொல்கிறார்கள், ஒழுகுவதும் அரிது. அவசரத்துக்கென்று எடுத்து வைக்கும் டார்ச்சுக்கு அது தகும், அன்றாடக் கருவிகளுக்கு வீண் செலவு.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். அல்கலைன் செல்லில் காலாவதி ஆண்டு பொறித்திருக்கும். நல்ல தயாரிப்பென்றால் பத்தாண்டு வரை தாங்கும். கார்பன் செல்லுக்கு இரண்டு மூன்று ஆண்டுதான் ஆயுள். கடை வாசலில் வெயில் படும்படி தொங்கும் சரத்திலிருந்து வாங்காதீர்கள். சூட்டில் செல் தானாகவே தீர்ந்துகொண்டிருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டிலும், வீட்டில் அடுப்பு மேடைக்கு மேலுள்ள அலமாரியிலும் செல் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அதற்காக ஃபிரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். வெளியே எடுக்கும்போது ஈரம் படியும், அது துருவுக்கு வழி. நிழலான, உலர்ந்த ஒரு மேஜை டிராயர் போதும்.

பொம்மையோடும் ரிமோட்டோடும் இலவசமாக வரும் செல்கள் பெரும்பாலும் மட்டமான கார்பன் செல்கள். கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க அவை போதும். பிறகு எடுத்துவிடுங்கள்.

மாற்றும் முறை

இரண்டோ நான்கோ செல் போடும் கருவியில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். “ஒண்ணு மட்டும் புதுசு போட்டுப் பாரேன், ஓடுதா பார்க்கலாம்” என்று வீடுகளில் சொல்லும் யோசனை சிக்கனமாகத் தெரியும், ஆனால் செலவு இழுத்துவிடும். இளங்காளையோடு கிழட்டு மாட்டைப் பூட்டினால் கிழட்டு மாட்டையும் இழுத்துக்கொண்டுதான் இளங்காளை நடக்க வேண்டும். செல்லுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. வரிசையாக இணைத்த செல்கள் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே அளவு மின்சாரம் பாய்கிறது. பழையது முற்றிலும் தீர்ந்த பிறகும் புதியது அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது பழைய செல்லின் முனைகள் தலைகீழாகி, உள்ளே வாயு உண்டாகி, அழுத்தம் தாங்காமல் மூடி திறந்து ரசாயனம் வெளியேறும். அல்கலைனையும் கார்பனையும் கலந்து போட்டாலும், ரீசார்ஜ் செல்லோடு சாதாரண செல்லைச் சேர்த்தாலும் இதே கதைதான். இரண்டு வேறு பிராண்டுகளைக்கூடக் கலக்காமல் இருப்பது நல்லது.

ஸ்பிரிங் இருக்கும் பக்கம் செல்லின் தட்டையான எதிர்முனை. முதலில் அந்தப் பக்கத்தை ஸ்பிரிங்கில் அழுத்தி, பிறகு மறுமுனையை இறக்குங்கள். வேறு மாதிரி திணித்தால் ஸ்பிரிங்கின் கூர்முனை மேலுறையைக் கிழிக்கக்கூடும். சிறுவர்களிடம் மாற்றச் சொல்லும் வீடுகளில், போட்டு முடித்ததும் ஒரு பெரியவர் கூட்டல், கழித்தல் குறியைச் சரிபார்க்க வேண்டும். நான்கு செல் போடும் கருவியில் ஒன்று திரும்பியிருந்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதை வலுக்கட்டாயமாக சார்ஜ் செய்யும். ஒழுகல் அங்கேதான் ஆரம்பம்.

சர்க்கரை பார்க்கும் கருவியிலும் ரத்த அழுத்தக் கருவியிலும் செல் மாற்றிய பிறகு தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். சில கருவிகளில் அவை அழிந்துவிடும். காலைச் சோற்றுக்கு முன் எடுத்த அளவு எது, பின் எடுத்தது எது என்று டாக்டர் நினைவகத்தைப் புரட்டிப் பார்க்கும்போது தவறான நேரம் தவறான முடிவுக்குக் கொண்டுபோகலாம்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் உடனே செல்லைக் குறை சொல்ல வேண்டியதில்லை. செல்போனின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெண்ணிறமாகவோ ஊதாவாகவோ மின்னும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கத்தில் பாருங்கள், பல போன்களில் அதில்தான் தெரியும். பளிச்சென்று மின்னினால் ரிமோட்டும் செல்லும் நன்றாக இருக்கின்றன, டி.வி. பக்கம் பாருங்கள். மங்கலாக மின்னினால் செல்லை மாற்றுங்கள். செல்லை விரலால் உருட்டியதும் ரிமோட் வேலை செய்தால், முனைகளில் படிந்த அழுக்கு உராய்ந்து போயிருக்கிறது என்று பொருள். முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துவிட்டால் போதும்.

தீர்ந்த செல்லை வெயிலில் காய வைக்கும் பழக்கம் டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்திலிருந்து நம் வீடுகளில் உண்டு. அதில் சிறிது உண்மையும் இருக்கிறது. சூட்டில் வேதிவினை வேகம் பிடிப்பதால் கொஞ்ச நேரம் உயிர் வந்ததுபோல் ஓடும். ஆனால் புதிதாக எந்தச் சக்தியும் சேர்வதில்லை. துத்தநாகக் குவளை ஏற்கெனவே மெலிந்திருப்பதால் ஒழுகுவதுதான் மிச்சம். பல்லால் கடித்து நசுக்குவது அதைவிட மோசம். பிள்ளைகள் அப்படிச் செய்வதைப் பார்த்தால் உடனே தடுத்துவிடுங்கள்.

அல்கலைன் செல்லைக் கீழே போட்டு, துள்ளினால் தீர்ந்துவிட்டது, துள்ளாமல் நின்றால் புதிது என்று சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் இதை ஆராய்ந்து விளக்கினார்கள். உள்ளே இருக்கும் துத்தநாகக் கூழ் ஆக்சைடாக மாறி இறுகுவதால்தான் செல் துள்ளுகிறது. ஆனால் பாதி சக்தி மீதி இருக்கும்போதே அது முழு உயரத்துக்குத் துள்ளத் தொடங்கிவிடும். ஆகவே துள்ளும் செல் புதிதல்ல என்று மட்டும் சொல்லலாம், தூக்கி எறிய வேண்டியது என்று சொல்ல முடியாது. மல்டிமீட்டர் இருந்தால் குழப்பமே இல்லை. புதிய அல்கலைன் 1.55 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 1.3 வோல்ட் அளவில் இருந்தால் மோட்டாருக்கு உதவாது, கடிகாரத்தில் இன்னும் சில மாதம் ஓடும். பொம்மையிலிருந்து எடுத்த செல்லைக் கடிகாரத்துக்கு மாற்றுவது உண்மையான சிக்கனம். 1.1 வோல்ட்டுக்குக் கீழே போனதை ஒதுக்கிவிடுங்கள்.

ஒழுகிய செல்

வீட்டுக் கருவிகள் செல்லால் கெடுவதற்கு முதன்மையான காரணம் கசிவு. அது தடுக்கக்கூடியது என்பதால்தான் எனக்கு இதில் இவ்வளவு ஆதங்கம். நாலாயிரம் ரூபாய்க் கருவி, முப்பது ரூபாய் செல்லால் பாழாவதை விடக் கூடாது.

விதி எளிமையானது. ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் செல்லை வெளியே எடுத்துவிடுங்கள். விடுமுறை முடிந்து பரணுக்குப் போகும் பொம்மை, கோடை முடிந்ததும் உறையில் போட்டு வைக்கும் ஏ.சி. ரிமோட், ஊருக்குப் போகும்போது பூட்டி வைக்கும் தராசு எல்லாவற்றுக்கும் இதுதான். அணைத்து வைத்தாலும் பல கருவிகள் சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். செல் முழுக்கத் தீர்ந்த பிறகும் இழுப்பு நிற்காது, அப்போதுதான் ஒழுகத் தொடங்கும். சுவர்க் கடிகாரத்தில் செல் ஓடிக்கொண்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். வீட்டை ஒழிக்கும் போகி நாளை அதற்கென்று வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

ஏற்கெனவே ஒழுகியிருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பிளாஸ்டிக் கையுறையோ, அது இல்லாவிட்டால் கையில் சுற்றிய பாலித்தீன் பையோ வேண்டும். அல்கலைன் செல்லிலிருந்து வருவது காரம். காற்றுப் பட்டதும் வெள்ளைப் பூவாகப் பூத்து நிற்கும், தாமிரத்தோடு சேர்ந்த இடத்தில் பச்சை நிறமாக இருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்து, பிழிந்து, அந்தப் பூவைத் துடையுங்கள். லேசாக நுரைக்கும். நுரை நின்றதும் ஈரத் துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை. திரவத்தை உள்ளே ஊற்றவே கூடாது, சர்க்யூட் பலகைக்குப் போய்விடும். கார்பன் செல் ஒழுகியிருந்தால் அது அமிலத் தன்மை உள்ளது. அதற்கு ஆப்ப சோடாவைச் சிறிது தண்ணீரில் குழைத்துப் பயன்படுத்துங்கள். கடைசியாக, கம்பி முனையை மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை இலேசாகத் தேய்த்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்டுப் புதிய செல் போடுங்கள். முனை முழுவதும் அரித்துப் போயிருந்தால் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுப்பார்கள். கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அந்தப் பொடி கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் குழாய் நீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். காரம் கண்ணில் ஆழமாக இறங்கும். எரிச்சல் குறைந்தாலும் காட்டிவிட்டு வருவதுதான் சரி.

ரீசார்ஜ் செல்

மாதம் ஒரு முறை நான்கு செல் தின்னும் பொம்மைக் கார் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 48 செல் குப்பைக்குப் போகிறது. அங்கே நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் செல் வாங்குவதில் யோசிக்கவே வேண்டாம். ஒரு செட்டை நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். முன்பெல்லாம் இந்த செல்கள் சும்மா கிடந்தாலே சில வாரங்களில் இறங்கிவிடும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த எனலூப் வகைக்குப் பிறகு அந்தக் குறை பெரும்பாலும் நீங்கியது. ஓராண்டு கிடந்தாலும் சார்ஜில் பெரும்பகுதி தங்கும். அட்டையில் ‘ரெடி டு யூஸ்’ என்றோ ‘ப்ரீ சார்ஜ்டு’ என்றோ இருப்பதைத் தேடி வாங்குங்கள்.

இதன் மேல் 1.2 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து, 1.5 வோல்ட் கருவிக்கு ஆகாது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சாதாரண செல் 1.5-இல் தொடங்கிச் சரிந்துகொண்டே போகும். ரீசார்ஜ் செல் 1.2-ஐ ஒட்டியே கடைசிவரை நிற்கும். ஆகவே பெரும்பாலான கருவிகளில் நன்றாகவே ஓடும். சில கடிகாரங்களும் சில ரத்த அழுத்தக் கருவிகளும் மட்டும் முரண்டு பிடிக்கும். கருவியோடு வந்த கையேட்டில் வேண்டாம் என்று இருந்தால் அதைக் கேளுங்கள்.

செல்லுக்குச் செலவழிப்பதைவிடச் சார்ஜருக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிறைந்ததும் தானாக நிற்கும் சார்ஜராக இருக்க வேண்டும். 2,000 எம்.ஏ.எச். செல்லை 500 மில்லி ஆம்பியரில் சார்ஜ் செய்தால் நான்கைந்து மணி நேரம் ஆகும். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடு இயல்பல்ல, பிளக்கைப் பிடுங்குங்கள். சாதாரண அல்கலைன், கார்பன் செல்களை அந்தச் சார்ஜரில் ஒருபோதும் போடாதீர்கள்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். 14500 என்று எண் போட்ட லித்தியம் அயன் செல், பார்க்க டபுள் ஏ போலவே இருக்கும். ஆனால் 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. கடிகாரத்திலோ ரிமோட்டிலோ போட்டால் கருவி போய்விடும். இணையத்தில் வாங்கும்போது படத்தை மட்டும் பார்க்காமல் வோல்ட்டைப் படியுங்கள்.

பட்டன் செல்லும் குழந்தையும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்.

சர்க்கரை பார்க்கும் கருவி, எடை மிஷின், கார் சாவி, சின்ன ரிமோட் பலவற்றில் இருப்பது சி.ஆர். 2032. முதல் இரண்டு இலக்கம் 20 மில்லிமீட்டர் விட்டம், அடுத்த இரண்டும் 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 என்றால் கனம் 2.5. விட்டம் ஒன்றுதான் என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் தளர்ந்து நிற்கும் அல்லது மூடி மூடாது. தெர்மாமீட்டரில் வரும் எல்.ஆர். 41-உம், கால்குலேட்டர், விளக்கெரியும் பொம்மைகளில் வரும் எல்.ஆர். 44-உம் அதைவிடச் சிறியவை. எல்.ஆர். 44-ஐக் கடையில் ஏ.ஜி. 13 என்ற பெயரிலும் தருவார்கள், இரண்டும் ஒன்றே.

நாணயம் போல் இருக்கும் 2032 செல்லைக் குழந்தை விழுங்கினால், அது பெரும்பாலும் உணவுக்குழாயிலேயே சிக்கிக்கொள்ளும். அங்கே இருக்கும் ஈரம் இரண்டு முனைகளையும் இணைத்துவிடுவதால் மின்சாரம் பாய்ந்து, எதிர்முனையைத் தொட்டிருக்கும் சதையில் கடுமையான காரம் உருவாகும். இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடலாம்; துளை விழலாம்; அருகிலுள்ள மூச்சுக்குழாயும் பெரிய ரத்தக் குழாயும் பாதிக்கப்படலாம். கருவிக்கு உதவாமல் தீர்ந்துபோன செல்லிலும் இதைச் செய்யப் போதுமான சக்தி மீதி இருக்கும்.

விழுங்கியதை யாரும் பார்க்காமல் போவதுதான் பெரிய சிக்கல். எச்சில் வடிவது, இருமல், சாப்பிட மறுப்பது, வாந்தி, மார்பைக் காட்டி அழுவது போன்றவை வரலாம்; ஒன்றுமே வராமலும் இருக்கலாம். சந்தேகம் வந்தாலே போதும், எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். வாகனம் இல்லையென்றால் 108. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளவும் பார்க்காதீர்கள். ஒரு வயது நிரம்பிய, விழுங்க முடிகிற குழந்தைக்கு வீட்டில் தேன் இருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் வீதம், அதிகபட்சம் ஆறு முறை வழியிலேயே கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் தேசியத் தலைநகர் நச்சு மையம் வழிகாட்டுகிறது. விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மட்டுமே இது பொருந்தும். தேன் செல்லின் மேல் படிந்து காரத்தின் வேகத்தைத் தணிக்கும். சிகிச்சைக்கு அது மாற்று அல்ல, தேன் தேடி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. மருத்துவமனையில் நுழைந்ததும் “பட்டன் பேட்டரி முழுங்கியிருக்கலாம்னு சந்தேகமா இருக்கு” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் நாணயமும் செல்லும் ஒன்றுபோல் தெரியலாம். விளிம்பில் இரட்டை வளையம் தெரிந்தால் அது செல். நீங்கள் சொன்னால் டாக்டர் அதைத் தேடிப் பார்ப்பார்.

மூக்கிலோ காதிலோ நுழைத்துக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள், ஈரம் பட்டால் புண் வேகமாகும்.

தடுப்பது கடினமல்ல. அமெரிக்காவில் 2022-இல் நிறைவேறிய ரீஸ் சட்டம், பட்டன் செல் வைக்கும் அறையைக் குழந்தை எளிதில் திறக்க முடியாதபடி அமைக்க வேண்டும் என்கிறது. நாமும் வாங்கும்போதே திருகாணி போட்ட மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். திருவிழாக் கடையில் விற்கும் விளக்கெரியும் மோதிரம், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் பம்பரம் ஆகியவற்றில் மூடி பெரும்பாலும் கழன்று வரும்; மூன்று நான்கு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் அவை வேண்டாம். செல் மாற்றும்போது பழையதை மேஜையில் வைக்காமல் அப்போதே இரு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, உயரத்தில் பூட்டி வைத்த டப்பாவில் போடுங்கள். கசப்புப் பூச்சுள்ள செல்களும் கிடைக்கின்றன. அவை சில கருவிகளில் சரியாக இணைப்புப் பெறாது. அப்படியானால் வேறு பிராண்டு போடுங்கள்.

மழைக்கு முன்

2018 நவம்பரில் கஜா புயல் கடந்த பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் வர நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் ஆனது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் முன் வீட்டில் ஒரு டார்ச், அதற்குப் பொருந்தும் அல்கலைன் செல் இரண்டு செட், ஒரு சின்ன ரேடியோ தயாராக இருக்கட்டும். செல்களை டார்ச்சுக்குள் போட்டு வைக்காமல், பக்கத்திலேயே ஒரு ஜிப் பையில் கட்டி வையுங்கள். இருட்டில் கை பழகியிருக்க, செல் போட்டு எரியவிட்டு ஒரு முறை ஒத்திகை பாருங்கள்.

எமர்ஜென்ஸி விளக்குகள் பலவற்றில் இருப்பது மூடிய லெட்–ஆசிட் பேட்டரி. முழுக்க இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அது மீளாது, ஆகவே மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். கொசு மட்டையைச் சார்ஜில் செருகியபடியே பயன்படுத்தக் கூடாது. பல மட்டைகளின் உள்சுற்று நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு தொடர்புள்ளது, ஷாக் அடிக்கும்.

செல்போனும் பவர் பேங்கும்

பவர் பேங்க் வாங்கும்போது ஆர் எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தலையணைக்கு அடியிலும் மெத்தை மேலும் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், சூடு வெளியேற வழியிருக்காது. போனின் பின்மூடி மேலெழும்பினால் உள்ளே பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். அழுத்திப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை இறக்க நினைக்கவே வேண்டாம். சார்ஜ் போடுவதை நிறுத்தி, எரியக்கூடிய பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோங்கள். புகையத் தொடங்கினால் பிளக் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியேறி, 101-ஐ அழையுங்கள்.

தீர்ந்த பிறகு

மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 ஆகஸ்டில் வந்தன. அதற்கு முன்பிருந்த 2001-ஆம் ஆண்டு விதிகள் லெட்–ஆசிட் பேட்டரிகளை மட்டுமே பார்த்தன. இப்போது சின்ன பட்டன் செல் வரை எல்லாமே விதிக்குள் வந்துவிட்டன. திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது நம் கடமை. குறுக்கே கோடிட்ட குப்பைத் தொட்டிச் சின்னம் சொல்வது அதைத்தான். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்திலோ, அபாயகரமான வீட்டுக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடமோ கொடுங்கள். டப்பாவில் போடும் முன், சதுரமான 9 வோல்ட் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுவது மிக முக்கியம். இரண்டு முனையும் ஒரே பக்கம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒரு சாவியோ இன்னொரு பேட்டரியோ உரசினாலே சூடேறித் தீப்பிடிக்கலாம். லித்தியம் செல்களுக்கும் இப்படியே டேப் ஒட்டுங்கள்.

போகியன்று செல் மாற்றும் வழக்கம் நல்லது என்று சொன்னேன். மாற்றியதை அன்று மூட்டும் தீயில் போட்டுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூடிய உலோகக் கூட்டுக்குள் சூடு ஏறினால் செல் வெடித்துச் சிதறும், சுற்றி நிற்கும் பிள்ளைகளின் முகத்துக்கு நேராகவே. பழைய ரிமோட்டையும் பொம்மையையும் காயலான் கடைக்குப் போடும்போதும் முதலில் மூடியைத் திறந்து, உள்ளே கிடக்கும் செல்லை எடுத்துவிடுங்கள். அவற்றைச் சுத்தியலால் உடைத்துப் பிரிப்பவர் கையுறை இல்லாமல்தான் உட்கார்ந்திருப்பார்.